கணு என்று சொன்னேன்

அவர் எதையும் தடவிப் பார்க்காமல் நம்பமாட்டார். கடையில் மிளகாய் வாங்கினால் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். மஸ்கெலியாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, கையை வெளியில் வைத்துவிட்டு உள்ளே வரும்படி கேலி பண்ணுவாராம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் புதிதாகப் பூசின சுவர் காய்ந்துவிட்டது என்று கங்காணி சொன்னால், உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதில் சாய்வார். மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்கினாலும் இரண்டு விரலுக்கு நடுவில் ஒருமுறை உருட்டிவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவார். சாமியையே சந்தேகப்படுகிற மனுசன் என்று நாங்கள் சிரிப்போம். சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள். அதை நினைத்தால் என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அந்தப் பெயரை எடுக்கிற உரிமையை நான் என்றைக்கோ தொலைத்துவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மிசின்காரர். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் அறுத்து முடித்துவிட்டு, அறுக்கிற மிசினோடு லொறியில் வந்து இறங்கினார். அவரும் பெண்சாதியும் மட்டும்தான், பிள்ளை குட்டி இல்லை. மிசின் என்றால் பெரிய ஆலை ஒன்றும் இல்லை. இரும்புச் சக்கரம் வைத்த நீள மேசை, அதன் நடுவில் ஒரு வட்ட வாள், தள்ளி நின்று புகை கக்குகிற ஒரு டீசல் இஞ்சின், இரண்டையும் இணைக்கிற தோல் பெல்ட். மரம் விழுந்த இடத்துக்கே அதை இழுத்துக்கொண்டு போய்ப் பலகையாக அறுத்துவிடலாம். மலையிலிருந்து தடியை உருட்டிக் கொண்டுவருவதைவிடப் பலகையாகச் சுமந்து வருவது லேசு என்று தோட்டத்துத் துரைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுமக்கிறவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

கொழுந்து வாட்டுகிற மேல்மாடியைத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பலகை வேண்டும் என்று தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நின்ற சவுக்கு மரங்களை வெட்டினார்கள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் எங்களில் ஆறு பெண்களைப் பிரித்து மிசின் பக்கம் அனுப்பினார்கள். மரத்தூள் அள்ளுவது, பட்டையோடு வருகிற முதல் பலகையைத் தள்ளிப் போடுவது, நல்ல பலகையை ரோட்டுக்குச் சுமப்பது எங்கள் வேலை. எனக்கு அப்போது இருபது வயது. கொழுந்து எடுக்கிறதைவிட இது நல்ல வேலை என்று நினைத்தேன். அட்டைக்கடி இல்லை, கூடையைப் பிடித்து இழுத்து இலை முற்றல் என்று கத்துகிற கங்காணி இல்லை. மிசின்காரர் பெண்களை வாடி போடி என்று பேசமாட்டார். அந்தக் காலத்துத் தோட்டத்தில் அது பெரிய காரியம்.

ஒரு தடியை மேசையில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் அதைத் தடவுகிற அழகைப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொள்வார். வலது கை விரல்கள் பட்டை மேல் மெதுவாக, அடியிலிருந்து நுனிக்கு நகரும். பிறகு தடியைப் புரட்டச் சொல்லி மறுபடி தடவுவார். அவர் தேடுவது இரும்பு. தோட்டத்து மரத்தில் என்னதான் இருக்காது? கொடி கட்டின கம்பி, லாந்தர் மாட்டின கொக்கி, ஆடு கட்டுகிற வளையம். அடித்தவன் மறந்துவிடுவான், மரம் அதன்மேல் பட்டையை வளர்த்து மூடிக்கொள்ளும். ஓடுகிற வாள் அதில் பட்டால் பல் தெறிக்கும். அதனால் தடவினதோடு விடமாட்டார். அந்த மரத்துப் பக்கம் குடியிருந்தவர்களைக் கூப்பிட்டு, இதில் எப்போதாவது ஏதாவது அடித்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்பார். இல்லை என்று சொன்னால் அதையும் நம்பாமல் மறுபடி தடவுவார். வேலை தாமதமாகிறது என்று மேற்பார்வைக்கு வருகிற கண்டாக்கையா கத்துவார். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவரும் அவர் அண்ணனும் இதே வேலை செய்திருக்கிறார்கள். மரத்தில் ஒன்றும் இல்லை என்று ஒரு கங்காணி சத்தியம் பண்ணியிருக்கிறான். உள்ளே கொக்கி இருந்திருக்கிறது. தெறித்த பல் அண்ணன் கழுத்தில் ஏறிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லிவிட்டுக் கோப்பையின் அடியைத் தடவிப் பார்த்து, சூடு ஆறியதும் குடித்தார்.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போட்ட கதையையும் சொல்லவேண்டும். எல்லோரையும் போல அவரும் கிளாக்கரிடம் போய் எழுதி வாங்கினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினாராம். என்ன தெரிகிறது என்று கிளாக்கர் கேலியாகக் கேட்டிருக்கிறார். மை காய்ந்திருக்கிறது, அது மட்டும்தான் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். பிறகு அந்த மனு தள்ளுபடியாகி வந்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வந்தது. மற்றவர்கள் அழுதார்கள், ஏசினார்கள். இவர் மட்டும், தான் ஒன்றையும் நம்பவில்லையே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அப்படிப்பட்ட மனுசன் ஒரே ஒரு ஆள் பேச்சைத் தடவிப் பார்க்காமல் நம்ப ஆரம்பித்தார். அந்த ஆள் நான்.

அது ஒரு சின்ன விசயத்தில் வந்தது. இஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய் டின்னை நான் காலால் தட்டிவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. எண்ணெய் எல்லாம் மண்ணில் போய்விட்டது. கண்டாக்கையா வந்து, யார் செய்தது என்று சொல்லாவிட்டால் ஆறு பேருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை என்றார். பேர் இல்லை என்றால் அன்றையச் சம்பளம் இல்லை. நான் முன்னால் போய், நான்தான் ஐயா என்று சொல்லிவிட்டேன். என் பேரை வெட்டிவிட்டுப் போனார். பெரிய யோக்கியம் ஒன்றும் இல்லை. மற்ற ஐந்து பேரின் வாயில் விழுந்து எழும்ப எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். ஆனால் மிசின்காரர் அன்றையிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. மற்ற பெண்களிடம், "இந்தப் புள்ள சொன்னாத் தடவிப் பார்க்க வேணாம்" என்று சொன்னார். எனக்கு ஒரே பெருமை. வீட்டில் போய் அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன்.

பிறகு பீலிக்கரைச் சவுக்கு வந்தது. நாங்கள் குளிக்கிற, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நின்ற மரம். ஒரு ஆள் கட்டிப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடாது. அந்த மரத்தில்தான் கோடாங்கி பேய்களை அடித்துவைப்பார். பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கி, ஆணியில் சுற்றி, மந்திரம் சொல்லி மரத்தில் இறக்கிவிட்டால் பேய் அங்கேயே நின்றுவிடும் என்பது கணக்கு. கோடாங்கி செத்துப்போய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. மொத்தம் எத்தனை ஆணி, எங்கெங்கே என்று அவருக்குத்தான் தெரியும்; மற்றவர்களுக்கு அவரவர் வீட்டு ஆணி மட்டும்தான் தெரியும்.

மரத்தை வெட்டப்போகிறார்கள் என்றதும் லயத்தில் பயம் பிடித்துக்கொண்டது. ஆணியைப் பிடுங்கினால் பேய் திரும்பி வந்துவிடும் என்று பெண்கள் அழுதார்கள். துரையிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். மிசின்காரர் சிரிக்கவில்லை. மரத்தைச் சாய்த்துவிட்டு, இரண்டு நாள் வாளைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இஞ்சினில் கோளாறு என்று கண்டாக்கையாவிடம் சொன்னார். அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வீட்டுக்காரர்களாக வந்து, சூடம் கொளுத்தி, தங்கள் வீட்டு ஆணி இருக்கிற இடத்தைக் காட்டினார்கள். அவர் கடப்பாரையால் பட்டையைக் கிளப்பி, முடி அறாமல் ஆணியை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார். அவர்கள் அதைக் கொண்டுபோய் மேல் காட்டில் வேறொரு மரத்தில் அடித்துக்கொண்டார்கள். ஒன்பது ஆணி வந்தது. எந்த ஆணி யாருடையது என்று அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

பத்தாவது ஆணி என்னுடையது.

எனக்குப் பதினாறு வயதில் தம்பி வயிற்றுப்போக்கில் செத்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் பேசவில்லை, சாப்பிடவில்லை. பேயும் இல்லை பிசாசும் இல்லை, துக்கம். அதைத் துக்கம் என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குப் பேய் பிடித்தது என்று தெரிந்தால் ஒருவனும் வாசல் மிதிக்கமாட்டான் என்று அப்பா பயந்தார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் மலைக்குப் போயிருந்த நடுப்பகலில், உடுக்கையடி கூட இல்லாமல், கோடாங்கியை வைத்துக் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மரம் சாய்ந்தபோது அந்த ஆணி இருப்பது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். நாலு வருசத்தில் பட்டை மூடிவிட்டது.

அந்த வாரம்தான் நோர்வூட்டிலிருந்து எனக்குப் பரிசம் போட வருவதாக இருந்தது. நல்ல இடம், மாப்பிள்ளை ஸ்டோரில் வேலை. நான் போய் ஆணியைக் காட்டிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாயத் தொறந்தியோ, நான் பீலியில விழுந்து சாவேன்." அம்மா அப்படி விழுகிறவள் இல்லை. அது எனக்குத் தெரியும். பீலியில் விழுந்து சாக அங்கே ஆழமும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேனே, எனக்கும் அந்த மாப்பிள்ளை வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் அடித்தடியை மேசையில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் தடவ ஆரம்பித்தார். நான் கூடையோடு பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை நகர்த்தி வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். நடுவிரலால் அந்த இடத்தையே இரண்டு மூன்று தரம் சுற்றினார். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"இதுல ஏதும் இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"அது கணுண்ணே" என்றேன்.

"கணுவா?"

"ஆமாண்ணே. கணுதான்."

அவர் கையை எடுத்துவிட்டார். கடப்பாரை காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுக்க அரை நிமிசம் ஆகாது. இல்லை, எடுக்கவில்லை. இஞ்சினைக் கிளப்பச் சொன்னார்.

முதல் பலகை ஒழுங்காக வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒன்றும் ஆகாது, வாள் ஆணிக்குப் பக்கத்தால் போய்விடும், தம்பி பார்த்துக்கொள்வான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். கையைத் தூக்கி நிறுத்துங்க என்று கத்தியிருக்கலாம். அந்த நேரம் முழுக்கக் கத்தியிருக்கலாம். மூன்றாவது வெட்டில் சத்தம் வந்தது. தடி ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பியது. அவர் வலது கை அதன்மேல்தான் இருந்தது. பெல்ட் கழன்று விழுந்து, இஞ்சின் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. மரத்தூள் குவியலில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு என்ன மிச்சம் இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். மூன்று விரல் இல்லை.

கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றுவதற்கு முன்னால் அவர் எழும்பி மேசைப் பக்கம் போனார். பிளந்த பலகையில் பாதி அறுந்த ஆணி நீட்டிக்கொண்டு நின்றது, அதைச் சுற்றிக் கறுப்புக் கறை. ஆணியில் முடி இருந்தது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இடது கையால் அதை ஆட்டிப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் கையையும் இரத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆபிசில் விசாரணை. மிசின் உடைந்ததற்குத் துரைக்குப் பதில் வேண்டும். விரலைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. மிசினில் வேலை செய்த நாங்கள் ஆறு பேரும் சுவரோரமாக நின்றோம். தடியைச் சோதித்தாயா என்று பெரிய கிளாக்கர் துரைக்காகக் கேட்டார்.

"தடவிப் பார்த்தேன் தொரை. கணுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

யாரையாவது கேட்டாயா, யாரும் ஏதும் சொன்னார்களா என்று கிளாக்கர் மறுபடி கேட்டார். தானே நினைத்ததாக அவர் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பரிசம் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. கையில் புது வளையல். அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றேன். வாயில் நாக்கு இருந்தது, பேச்சு வந்திருக்கும். பேசவில்லை. அதற்கு எந்தப் பேயும் காரணம் இல்லை.

வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச் சீட்டை அவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் புருசனுக்கு வேலை போனால் கொழுந்து எடுக்கிற பெண்சாதிக்கும் போய்விடும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். அவர் பெண்சாதி சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்று அழுதாள். கட்டு போட்ட கையோடு அவர் பக்கத்தில் நின்றார். நான் தண்ணிக்குடத்தோடு பீலிக்குப் போகிற சாக்கில் சுற்றுப்பாதையால் போய்விட்டேன். அந்த ஆணியை அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணம் நடந்தது. நோர்வூட் போனேன். மூத்தவனைச் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மாமியார் என் தலைக்கு எண்ணெய் வைத்தாள். உச்சியில் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்கதானே சித்தப்பா முடி எடுத்தாரு?" என்று கேட்டாள். கோடாங்கி அவளுக்குச் சித்தப்பா முறையாம். அவர் சாவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். பெண் பார்க்க வரும்போதே வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என் புருசனுக்கும் தெரியும்.

"தம்பி செத்த துக்கத்துக்குப் போயி ஆணி அடிச்சிருக்காரே இந்த மனுசன்னு நாங்க பேசிக்கிட்டோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மாமியார் சடையைப் பின்னினாள். அவள் நல்லவள். அதனால்தான் எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. மசக்கை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கும் சில வருசம் கழித்து, இந்தியாவுக்கு யார் போவது, இங்கே யார் இருப்பது என்று இரண்டு நாட்டுக்காரர்களும் எங்கள் தலையைப் பேசி எண்ணிப் பங்கு போட்டிருந்த சமயம். அட்டன் டவுனுக்கு ஒரு காரியமாகப் போனவள், மழைக்கு ஒரு மரக் கிடங்குத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். உள்ளே ஒரு ஆள் இடது கையால் பலகைகளைத் தடவித் தடவிப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நான் திரும்பிப் போயிருக்கலாம். மழை விடவில்லை.

அவரே என்னைக் கண்டுகொண்டார். "நீயா புள்ள" என்றார். கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். ஒரு நானாவின் கிடங்காம், இவர் காவலுக்கு இருக்கிறார், நானா படுக்கவும் இடம் கொடுத்திருக்கிறார். பெண்சாதி செத்து இரண்டு வருசம் ஆகிவிட்டதாம். எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். புருசன் வீட்டில் நல்லபடியாக வைத்துக்கொள்கிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு பலகையைத் தடவி அடுக்கில் வைத்தார்.

"கைக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு" என்றார். "பரிசம் போட வர்ற நேரம். நீ அவ்வளவு தூரம் கணுன்னு சொல்றன்னா அதுல ஒனக்கு ஏதோ இருக்குன்னு விட்டுட்டேன். வாளு தாண்டிரும்னு நெனச்சேன்."

எனக்கு அந்த இடத்திலேயே காலில் விழவேண்டும் போல இருந்தது. விழவில்லை. அவர் என் பக்கம் நெருங்கி வந்து, தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஆணி விசயம் அவங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?"

நான் என்ன சொல்வேன்? எல்லோருக்கும் முதலிலேயே தெரியும் அண்ணே, உங்கள் விரலும் வேலையும் வீடும் சும்மாதான் போனது என்றா சொல்வேன்?

"தெரியாதுண்ணே" என்றேன். "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் முகம் தெளிந்தது. பையிலிருந்து வலது கையை எடுத்தார். மிச்சமிருந்த பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் மேல்துண்டைச் சரி பண்ணிக்கொண்டார்.

"அப்பச் சரி" என்றார். "நீ சொன்னாச் சரிதான் புள்ள. தடவிப் பார்க்கவா போறேன்."

நோர்வூட் பஸ் வந்தது. நனைந்துகொண்டே ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.